டிக் யாருக்குச் சொந்தம்?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, கையில் கொடுத்திருப்பது ஒரு பெயர்ப் பட்டியல், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு செக்பாக்ஸ், அவ்வளவுதான் என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாய். "இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது அண்ணா?" என்று கேட்டிருக்கிறாய். இருபது வருடமாக டெஸ்க்டாப் அப்ளிகேஷன் எழுதிப் பிழைப்பவன் நான். பெரிய டேட்டாபேஸ்களும் சிக்கலான ரிப்போர்ட்டுகளும் எழுதியிருக்கிறேன். அவற்றில் எதுவும் என்னைத் தலைகுனிய வைத்ததில்லை. தலைகுனிய வைத்தது அந்தச் சின்னக் கட்டம்தான். அதை உனக்குச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

ஒரு சிற்றூரில் ஒரு தனியார் பள்ளி. அறுநூறு பிள்ளைகள் படித்தார்கள். கட்டணம் பாக்கி உள்ள வீடுகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். அதற்கு முன் அந்த அலுவலகத்தில் இருந்த அக்கா இந்த வேலையைத் தாளில் செய்துகொண்டிருந்தார். அச்செடுத்த பட்டியலின் மேல் ஒரு ஸ்கேலை வைப்பார். ரசீதுப் புத்தகத்தைப் புரட்டுவார். பாக்கி என்றால் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு டிக். ஸ்கேலை ஒரு வரி கீழே இறக்குவார். நான் போய்ச் சேர்ந்த அன்று அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் அதில் இருந்த முக்கியமான ஒன்று எனக்குப் புரியவில்லை.

நான் எழுதிய திரை அவருக்குப் பிடித்திருந்தது. ஒரே ஒரு குறை சொன்னார்: "பேரெல்லாம் அகரவரிசையில வரல தம்பி." நியாயமான குறை. எழுத்துகளின் யூனிகோடு எண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் 'கனி' முன்னாலும் 'கபிலன்' பின்னாலும் வரும். யூனிகோடு அட்டவணையில் ந-வுக்கு அடுத்த இடம் ன-வுக்கு, அதற்குப் பிறகுதான் ப. நம் நெடுங்கணக்கில் ன கடைசி எழுத்து. ல, ள, ழ, வ என்று அங்கே நிற்பவை நமக்கு ல, வ, ழ, ள. இதையெல்லாம் கவனித்துச் சரியான அகரவரிசை எழுதி, அதற்கு ஒரு பட்டனும் வைத்துக் கொடுத்தேன். நல்ல வேலை செய்தோம் என்ற நிறைவு இருந்தது.

அடுத்த மாதம் அக்கா பாதிப் பெயர்களுக்கு டிக் போட்டுவிட்டு, ஒரு பெயரைத் தேடுவதற்காக அந்த அகரவரிசைப் பட்டனை அழுத்தியிருக்கிறார். பட்டியல் மாறி அமைந்தது. பெயர்கள் இடம் மாறின, டிக்குகள் மாறவில்லை. ஐந்தாம் வரியில் இருந்த டிக் ஐந்தாம் வரியிலேயே நின்றது, அந்த வரிக்கு வேறொரு பிள்ளை வந்துவிட்டது. டிக்குகளின் எண்ணிக்கை மாறாததால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. மீதியையும் முடித்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் ஒருவர் ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலக வாசலில் நின்றாராம். வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணம். கட்டி இரண்டு நாள்கூட ஆகவில்லை, பாக்கி என்று செய்தி போயிருக்கிறது. அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியது அக்கா. நான் போனபோது அவர் கோபப்படவில்லை. "நான் சரியாத்தான் டிக் போட்டேன் தம்பி" என்று ஒரு தடவைதான் சொன்னார். அவர் சரியாகத்தான் போட்டிருந்தார். தவறு என்னுடையது. அதை அந்த அறையிலேயே தலைமையாசிரியரிடம் சொன்னேன். ஆனால் திட்டு முந்தின நாளே விழுந்துவிட்டது, அதைத் திரும்ப எடுக்க முடியாது.

அன்று இரவு பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்த ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் புரிந்தன. தாளில் போட்ட டிக் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. தாளை மடித்தாலும், தலைகீழாகத் திருப்பினாலும், இரண்டு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் அது அந்தப் பெயரை விட்டு நகராது. அந்த ஒட்டுதலை மை இலவசமாகச் செய்து கொடுக்கிறது. திரையில் அதைச் செய்ய வேண்டியவன் புரோகிராம் எழுதுகிறவன். தம்பி, உன் கையில் இருக்கும் வேலை இதுதான்: டிக் வரிக்குச் சொந்தமில்லை, அந்த வரியில் இருக்கும் ஆளுக்குச் சொந்தம். நான் இனி எழுதப்போவதெல்லாம் இந்த ஒன்றின் கிளைகள்.

நான் செய்த தவறு எளிமையானது. விண்டோஸ் ஃபார்ம்ஸில் செக்ட்லிஸ்ட்பாக்ஸ் என்று ஒன்று உண்டு. டிக் விழுந்த வரிகளின் எண்களை அது கேட்டதும் கொடுக்கும். அந்த எண்களை எடுத்து வைத்துக்கொண்டு, பட்டியலைக் காலி செய்து, புது வரிசையில் நிரப்பி, அதே எண்களில் மறுபடி டிக் போட்டேன். வரி எண்ணுக்குப் பதிலாகப் பிள்ளைகளின் சேர்க்கை எண்ணை எடுத்து வைத்திருந்தால் எதுவும் நடந்திருக்காது. பெயரை வைத்தாலும் போதாது, ஒரு வகுப்பில் இரண்டு கார்த்திக் இருப்பார்கள். மாறாத ஓர் அடையாள எண் வேண்டும். நீ பைத்தானில் க்யூடி வைத்து எழுதுவதாகச் சொன்னாய். க்யூலிஸ்ட்விட்ஜெட்டின் ஒவ்வொரு ஐட்டத்திலும் யூசர்ரோல் என்று ஓர் இடம் உனக்காகவே காலியாக இருக்கிறது. சேர்க்கை எண்ணை அங்கே வை. டிக் விழுந்த சேர்க்கை எண்களை உன் கணக்கில் தனியாக ஒரு தொகுப்பாக வைத்துக்கொள். திரை அந்தத் தொகுப்பைக் காட்டட்டும். அதைக் காப்பாற்றும் பொறுப்பைத் திரையிடம் விடாதே.

இப்படிச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீண்ட பட்டியல்களில் திரையில் தெரியும் வரிகள் பல சமயம் நிஜ வரிகளே இல்லை. ஜாவா ஸ்விங்கின் ஜேலிஸ்ட்டில் ஒரே ஒரு அச்சுக்கட்டைதான் இருக்கிறது. அதையே ஒவ்வொரு வரியிலும் குத்திக் குத்திப் படம் வரைகிறது. அதில் செக்பாக்ஸை வைத்துவிட்டு, கிளிக் செய்தால் ஏன் டிக் விழவில்லை என்று நாள் முழுக்கத் தேடியவர்கள் உண்டு. அது செக்பாக்ஸின் படம், படத்தில் எப்படி டிக் விழும்? டபிள்யூபிஎஃப் போன்றவை கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டும் உண்டாக்குகின்றன. அமைப்பைப் பொறுத்து, மேலே போய் மறைந்த வரியையே கீழே வரும் பெயருக்கும் எடுத்துப் போட்டுக்கொள்ளும். டிக்கை அந்த வரியிலேயே விட்டு வைத்திருந்தால், ஸ்க்ரோல் செய்த மாத்திரத்தில் அது வேறொருவர் தலையில் போய் உட்காரும். ஜிடிகே-யின் பழைய ட்ரீவியூ இன்னும் வெளிப்படையானது. கட்டத்தை அழுத்தினால் "இந்த இடத்தில் அழுத்தினார்கள்" என்று உன்னிடம் சொல்லும், அவ்வளவுதான். டிக்கைத் தானாக மாற்றாது. நீ உன் தரவில் மாற்றினால்தான் திரையில் மாறும். முதலில் எரிச்சலாக இருக்கும். எனக்கு அதுவே சரியான பாடமாகப்படுகிறது.

தேடல் பெட்டி வைத்துப் பெயர்களை வடிகட்டினாலும் இதே கதை. க்யூடியில் வடிகட்டவும் வரிசைப்படுத்தவும் ப்ராக்ஸி மாடலை நடுவில் வைப்பாய். திரையின் மூன்றாம் வரி மூலப் பட்டியலின் நாற்பதாம் வரியாக இருக்கும். மேப்டுசோர்ஸ் கொண்டு மூல வரியைக் கேட்டு வாங்கிய பிறகே எதையும் மாற்று.

அடுத்தது நேரம். டிக் விழுவதற்கு முன் ஒரு கணமும் விழுந்த பின் ஒரு கணமும் இருக்கின்றன. உன் கோடு எந்தக் கணத்தில் ஓடுகிறது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். செக்ட்லிஸ்ட்பாக்ஸின் ஐட்டம்செக் ஈவென்ட், டிக் மாறுவதற்கு முன்பே வந்துவிடும். அந்த இடத்தில் நின்றுகொண்டு "எத்தனை பேர் தேர்வு?" என்று எண்ணினால் ஐந்தாவது டிக் போட்டதும் நான்கு என்று காட்டும், எடுத்தால் ஐந்து என்று காட்டும். எப்போதும் ஒன்று பின்தங்கிய கணக்கு. ஈவென்ட் கையோடு கொண்டுவரும் புதிய மதிப்பைச் சேர்த்து எண்ண வேண்டும்.

க்யூடியில் தொல்லை வேறு விதம். ஐட்டம்சேஞ்ச்ட் சிக்னல் மாற்றம் நடந்த பிறகுதான் வரும், ஆனால் எல்லாவற்றுக்கும் வரும். டிக் மாறினாலும் வரும், பெயரைத் திருத்தினாலும் வரும், வரிக்கு வண்ணம் கொடுத்தாலும் வரும். பட்டியலை நிரப்பும்போது நீயே போடும் டிக்குகளுக்கும் வரும். ஒவ்வொரு தடவையும் ஃபைலில் சேமிக்கும்படி எழுதியிருந்தால், புரோகிராம் திறக்கும்போதே அறுநூறு தடவை சேமித்துக்கொண்டு நிற்கும். அந்தச் சிக்னலுக்குள் நின்றுகொண்டே நீ இன்னொரு டிக்கை மாற்றினால் அது மறுபடி உன்னையே கூப்பிடும். நிரப்பும் நேரத்தில் லிஸ்ட் விட்ஜெட்டின் சிக்னலை அடைத்துவிட்டு, முடிந்ததும் திற. மாடலின் சிக்னலை மட்டும் அடைத்துவிடாதே. மாற்றம் நடந்ததே வியூவுக்குத் தெரியாமல் போய்விடும். மனிதர் போட்ட டிக் எது, புரோகிராம் போட்ட டிக் எது என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் உனக்கு வர வேண்டும்.

இனி பாதி டிக். பட்டியலின் தலையில் 'அனைவரும்' என்று ஒரு கட்டம் வைப்பாய். எல்லாருக்கும் டிக் இருந்தால் அதில் டிக், ஒருவருக்கும் இல்லை என்றால் காலி, சிலருக்கு மட்டும் என்றால் பாதி. க்யூடியில் இந்த மூன்று நிலைகளுக்கும் 0, 1, 2 என்று எண். 1 பாதி, 2 முழுசு. இதை ஆம், இல்லை என்று இரண்டாக நினைத்து எழுதுகிறவர்கள் பாதியை முழுசாக எண்ணிவிடுவார்கள். செக்ட்லிஸ்ட்பாக்ஸே பாதி நிலையில் உள்ளவற்றையும் டிக் விழுந்தவை என்றுதான் கொடுக்கும். பைசைட்6-ல் இன்னொரு குழி: செக்பாக்ஸின் ஸ்டேட்சேஞ்ச்ட் சிக்னல் 2 என்ற வெறும் எண்ணைத் தரும்; அதை க்யூடியின் 'செக்ட்' என்ற பெயரோடு ஒப்பிட்டால் சமம் என்று ஒருநாளும் வராது. பிழைச் செய்தியும் வராது. எண்ணை அந்த வகைக்கு மாற்றிய பிறகு ஒப்பிடு. பாதி என்பது கீழே உள்ளவர்களின் நிலையைச் சொல்லும் செய்தி. மனிதர் அழுத்தி அதை உண்டாக்கும்படி விடாதே. பாதியில் இருப்பதை அழுத்தினால் எல்லாருக்கும் டிக் விழட்டும், மறுபடி அழுத்தினால் எல்லாம் போகட்டும்.

அந்த 'அனைவரும்' தேடல் பெட்டியோடு சேரும்போது ஆபத்தானது. ஏழாம் வகுப்பு என்று தேடி, முப்பது பேர் தெரிகிற நேரத்தில் 'அனைவரும்' அழுத்தினால், அழுத்தியவர் மனதில் இருப்பது அந்த முப்பது பேர். உன் கோடு அறுநூறு பேருக்கும் டிக் போட்டால் அவர் போடாத டிக்கை நீ அவர் பெயரில் போடுகிறாய். கண்ணில் தெரிவது வரைக்கும்தான் அந்தக் கட்டளை செல்ல வேண்டும். அதற்கு மாறாக, முன்பே டிக் போட்டுத் தேடலில் மறைந்துபோனவர்களும் இருப்பார்கள். அவர்களை அவர் மறந்திருக்கலாம். அதனால் பட்டியலுக்குக் கீழே எப்போதும் ஒரு வரி வை: "மொத்தம் 37 பேர் தேர்வு. அதில் 7 பேர் இப்போது திரையில் இல்லை." இந்த ஒரு வரி பல வீடுகளை வீண் மனவருத்தத்திலிருந்து காப்பாற்றும்.

கையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டியலில் ஒரு வரி நீலமாவது வேறு, டிக் விழுவது வேறு. எழுதுகிற நமக்கு அது தெரியும். வேலை செய்கிறவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. செக்ட்லிஸ்ட்பாக்ஸில் செக்ஆன்கிளிக் என்ற அமைப்பை நீ மாற்றாவிட்டால், முதல் கிளிக் வரியை நீலமாக்கும், இரண்டாவது கிளிக்கில்தான் டிக் விழும். மவுஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றியவர்களை எனக்குத் தெரியும். க்யூடியில் கட்டத்தின் மேல் அழுத்தினால்தான் டிக். பெயரின் மேல் அழுத்தினால் வரி நீலமாவதோடு சரி. வயதானவர்கள் அந்தச் சின்னக் கட்டத்தைக் குறிபார்த்து அழுத்தச் சிரமப்படுகிறார்கள் என்று, வரியில் எங்கே அழுத்தினாலும் டிக் மாறும்படி நீ எழுதுவாய். எழுதத்தான் வேண்டும். ஆனால் கட்டத்தின் மேலேயே அழுத்தியவருக்கு க்யூடி ஒரு தடவை மாற்றும், உன் கோடு இன்னொரு தடவை மாற்றும். டிக் விழுந்து உடனே போய்விடும். எதுவுமே நடக்காதது போலத் தெரியும். கிளிக் எங்கே விழுந்தது என்று பார்த்து, இரண்டில் ஒன்றைத்தான் வேலை செய்ய விட வேண்டும்.

மவுஸைத் தொடாமல் வேலை செய்கிறவர்களும் உண்டு. அம்புக்குறியால் இறங்கி, ஸ்பேஸ் பாரால் டிக் போட்டுக்கொண்டே போவார்கள், மவுஸைவிட வேகம். பார்வையில்லாதவர்களுக்கு அதுதான் முக்கியமான வழி. என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் 2006-ல் தொடங்கப்பட்டது; அதைத் தொடங்கிய மைக்கேல் கரன் பார்வையற்றவர். இலவசமாகக் கிடைக்கிறது, தமிழும் பேசும். அதை உன் கம்ப்யூட்டரில் போட்டு, மானிட்டரை அணைத்துவிட்டு, உன் பட்டியலில் மூன்று பெயருக்கு டிக் போட்டுப் பார். நீ அழகுக்காகச் சொந்தமாக வரைந்த பச்சை டிக் படம் என்றால், அது வெறும் பெயரை மட்டும் வாசித்துவிட்டுப் போய்விடும். டிக் இருக்கிறதா இல்லையா என்று சொல்லாது. க்யூடியோ விண்டோஸோ கொடுக்கும் செக்பாக்ஸை அப்படியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லும். படம் வரைந்து அந்தக் குரலைப் பறித்துவிடாதே.

கட்டத்துக்குப் பக்கத்தில் எழுதும் சொல்லிலும் கவனம் வேண்டும். "செய்தி அனுப்ப வேண்டாம்" என்று எழுதி டிக் போடச் சொன்னால், டிக் போட்டால் போகுமா போகாதா என்று எல்லாரும் ஒரு நொடி தடுமாறுவார்கள். "செய்தி அனுப்பு" என்று எழுது. டிக் என்றால் ஆம் என்றுதான் நம் கை சிறுவயதிலிருந்து பழகியிருக்கிறது.

நீயாக முன்கூட்டியே டிக் போட்டு வைக்கிற வழக்கத்தையும் யோசி. 2019 அக்டோபர் 1-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் பிளானெட்49 வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. குக்கீகளுக்கு ஒப்புதல் கேட்கும் கட்டத்தில் நிறுவனமே டிக் போட்டு வைத்து, வேண்டாதவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டால், அது ஒப்புதல் ஆகாது என்றது. அது வெப்சைட் பற்றிய வழக்கு. ஆனாலும் நம் வேலைக்கும் பொருந்தும். ஒருவர் கை வைக்காத டிக்கை அவர் சொன்ன சொல்லாக எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

உனக்கு ஒரு பயிற்சி தருகிறேன். ஐந்து பெயர்கள், அதில் இரண்டு ஒரே பெயர். மூன்றுக்கு டிக் போடு. யாருக்குப் போட்டாய் என்று ஒரு தாளில் பேனாவால் எழுதி வைத்துக்கொள். அகரவரிசைப்படுத்து, தாளோடு ஒப்பிடு. திருப்பி வரிசைப்படுத்து, ஒப்பிடு. தேடி மறை, மீண்டும் காட்டு, ஒப்பிடு. நடுவில் ஒரு பெயரை நீக்கு, இன்னொன்றைச் சேர். புரோகிராமை மூடித் திற. ஐந்தை ஐயாயிரமாக்கி, மேலும் கீழும் ஸ்க்ரோல் செய். ஒவ்வொரு தடவையும் அந்தத் தாளை எடுத்துப் பார். இதில் ஒரே ஒரு இடத்தில் திரையும் தாளும் வேறுபட்டாலும், தாள் சொல்வதுதான் சரி.

அந்தப் பள்ளிக்கு நான் திருத்திய புரோகிராமைக் கொண்டுபோனபோது ஒரு திரையைக் கூடுதலாகச் சேர்த்திருந்தேன். 'அனுப்பு' அழுத்தியதும் உடனே போகாது. டிக் விழுந்தவர்களின் பெயர், வகுப்பு, சேர்க்கை எண், பாக்கித் தொகை எல்லாம் கட்டங்கள் இல்லாமல் ஒரு பட்டியலாக வரும். படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே போகும். அக்கா அதை அச்செடுத்தார். மேசை டிராயரிலிருந்து ஸ்கேலை எடுத்து முதல் பெயருக்குக் கீழே வைத்தார். ரசீதுப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துக்கொண்டார். கடைசிப் பெயரை முடிக்கும் வரைக்கும் நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு மாதா மாதம் அப்படியே அச்செடுத்து ஒப்பிட்டார் என்று கேள்விப்பட்டேன். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து வேறொரு வேலையாகப் போனேன். அச்செடுப்பதை அவர் விட்டிருந்தார். திரையைப் பார்த்து, ஒப்புக்கொண்டு, அனுப்பிவிட்டு, "டீ சொல்லட்டுமா தம்பி?" என்று கேட்டார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

பயிற்சியைச் செய்துவிட்டு எழுது. தாளும் திரையும் எங்கே வேறுபட்டன என்று மறைக்காமல் எழுது, அங்கிருந்து பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்